தறி ஓடுனாலும் ரன்னு, மூக்கு ஒழுகுனாலும் ரன்னு

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் எழுதறப்ப, "இங்கிலீஷ்ல ரன்னுன்னா ஓடறது மட்டுமில்லீங்க, அதைப் பத்தி தனியா ஒரு நாள் பேசணும்"னு பேச்சுவாக்குல ஒரு வரி போட்டுட்டேன். அவ்ளோதான், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சு போச்சு, அதுல பாதிப் பேரு தறிக்காரங்க, மீதிப் பேரு பனியன் கம்பெனி. சரி, இந்த வாட்டி முழுக்க ரன்னுக்கே ஒதுக்கிட்டேன், மத்த கேள்வி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, எங்க ஊட்டுக்காரரு தறி ஓட்டறாருங்க. மூணாவது படிக்கற பொண்ணுக்கு அப்பாவப் பத்தி அஞ்சு வரி எழுதியாரச் சொன்னாங்கன்னு 'மை ஃபாதர் ரன்ஸ் பவர்லூம்'னு எழுதிக் குடுத்து அனுப்புனேன். மிஸ் ரன்ஸை அடிச்சுட்டு செவப்பு மையில 'ஒர்க்ஸ் இன்'னு போட்டுட்டாங்க. நான் எழுதுனது தப்புங்களா?
– ஒரு வாசகி, சோமனூர்

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லு அம்மிணி, தறி உங்களுதா, இல்ல இன்னொருத்தர் குடோன்ல கூலிக்கு ஓட்டறாரா? அதுலதான் எல்லாமே இருக்குது. சொந்தத் தறின்னா நீ எழுதுனது சரி, நடுவுல ஒரு 'எ'யும் கடைசில ஒரு 'யூனிட்'டும் சேர்த்துக்கிட்டா போதும், 'மை ஃபாதர் ரன்ஸ் எ பவர்லூம் யூனிட்'. கூலிக்கு ஓட்டறாருன்னா மிஸ் திருத்துனதுல தப்பில்ல, ஆனா வெறும் 'ஒர்க்ஸ் இன்'னு போடறதுக்கு 'ஆப்பரேட்ஸ் பவர்லூம்ஸ்'னு போட்டிருந்தா அவரு கை வேலைக்கு ஒரு மருவாதி இருந்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவுல எந்தத் தறியில ஊடைங்கற குறுக்கு நூல் அந்துச்சுன்னு பார்த்து, ஓடிப்போயி அந்த நூலைக் கொண்டுபோற நாடாவ எடுத்து, அதுக்குள்ள நூல் சுத்தி வெச்ச தார் மாத்திப் போட்டு மறுக்கா ஓட்டி விடறவருக்கு ஒர்க்ஸ் இன்னுங்கறது பத்தாது.

மெஷின் முன்னால நின்னு ஓட்டறதுக்கும் ரன்னு போடலாம், தப்பே இல்ல. ஆனா 'உங்கப்பா என்ன பண்றாரு'ங்கற கேள்விக்குப் பதிலா 'ரன்ஸ்'னு வந்தா, கேக்கறவங்க காதுல மொதலாளின்னுதான் விழும்.

இதுல நமக்கு ஏன் கொழப்பம் வருதுன்னா, நம்ம பேச்சுல தறி 'ஓடுது', ஆளு தறிய 'ஓட்டறாரு', மொதலாளி தறி வெச்சு 'நடத்தறாரு'. மூணு வேலை, மூணு சொல்லு. இங்கிலீஷ்காரன் மூணுக்கும் ரன்னு ஒண்ணையே போட்டு முடிச்சுக்கறான். பள்ளிக்கூடத்துல தன்வினை பிறவினைன்னு படிச்சிருப்போமே, ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, உருகு – உருக்குன்னு, நடுவுல ஒரு 'ட்'டோ 'க்'கோ சேர்ந்தா தானா நடக்கறது போயி இன்னொருத்தர் நடத்தறதாயிரும். வெண்ணெய் உருகுது, நாம உருக்கறோம், இதைச் சின்னக் குழந்தைகூட மாத்திச் சொல்லாது.

வேடிக்கை என்னன்னா அவங்களும் ஒரு காலத்துல இப்படி ரெண்டு வெச்சிருந்தவங்கதான். ஆயிரம் வருசத்துக்கு முந்துன பழைய இங்கிலீஷ்ல தானா ஓடறதுக்கு 'ரின்னன்'னு ஒண்ணு, ஆளு தண்ணி ரெண்டுக்கும் அதுதான், குதிரைய ஓட்டறது, ஓடிப்போயி எட்டிப்புடிக்கறது மாதிரி வேலைக்கு 'ஏர்னன்'னு இன்னொண்ணு. ரெண்டும் கேக்கறதுக்கு பக்கத்துல பக்கத்துல இருந்ததால காலப்போக்குல ஒண்ணோட ஒண்ணு கலந்து இந்த ஒத்த ரன்னுல வந்து நின்னுருச்சு. ஓடும் ஓட்டும் ஒரே பானையில விழுந்தாப்ல. இன்னைக்கும் அங்கங்க மிச்சம் இருக்குது, மரம் தானா விழுந்தா 'ஃபால்', வெட்டிச் சாய்ச்சா 'ஃபெல்'. அதனால இங்கிலீஷ்ல ரன்னுன்னு எங்க பார்த்தாலும் 'ஓடு'ன்னு மனசுக்குள்ள மாத்திக்கறதுக்கு முன்னால, ஓடறது யாரு, ஓட்டறது யாருன்னு ஒரு கேள்வி கேட்டுக்கங்க. பாதிக் கொழப்பம் அங்கியே தீந்துரும்.

கேள்வி: 'ஹேட் ரேன்' சரியா 'ஹேட் ரன்' சரியா?
– குரூப் 4-க்குப் படிக்கும் தம்பி, கோபி

பதில்: ஹேட் ரன். ரன் – ரேன் – ரன், முதலும் கடைசியும் ஒண்ணு, கம் – கேம் – கம் மாதிரி. படிச்சு பெரிய வேலையில இருக்கறவங்களே 'ஐ ஹேவ் ரேன்'னு சொல்றதைக் கேட்டிருக்கேன், அதனால நீ தனியா வெக்கப்பட வேண்டியதில்ல.

கேள்வி: பொண்ணுக்கு ஒரு ஜாதகம் வந்துச்சுங்க. இங்கிலீஷ் பயோடேட்டாவுல மாப்ள தொழில் 'ரன்ஸ் பஸ்'னு இருக்குது. புரோக்கரைக் கேட்டா 'பஸ் ஓட்டறாருங்கோ'ன்னு சிரிக்கறாரு. டிரைவருங்களா, ஓனருங்களா? வயசுங்கற எடத்துல '28 ரன்னிங்'னு வேற போட்டிருக்குது, அதென்னங்க ஓடற வயசு?
– ஒரு தகப்பன், பொள்ளாச்சி பக்கம்

பதில்: உங்க புரோக்கரு கெட்டிக்காரருங்க. தமிழ்ல 'பஸ் ஓட்டறாரு'ன்னா ஸ்டியரிங் புடிக்கறவரும் அவரே, பஸ் வாங்கி ரூட்ல விட்டவரும் அவரே, ரெண்டுமே பொய்யில்ல. இங்கிலீஷ்ல அந்த வேலை நடக்காது. 'டிரைவ்ஸ் எ பஸ்'னா டிரைவரு. 'ரன்ஸ் எ பஸ் சர்வீஸ்'னா ஓனரு. பயோடேட்டா எழுதுனவருக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்தா ஓனருன்னு அர்த்தம், தெரியாம புரோக்கரு சொன்னதை அப்படியே மாத்தி எழுதியிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது, ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்குதுன்னு நாசூக்கா விசாரிச்சுப் போடுங்க.

ரெண்டையும் ஒருத்தரே பண்ண முடியாதான்னா, உங்க ஊரு ரோட்டுலயே நடந்திருக்குது. 1920-ல ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவுல தானே ஓட்டிட்டுப் போனாரு, அன்னைக்கு அவரு டிரைவும் பண்ணாரு ரன்னும் பண்ணாரு. கொஞ்ச வருசத்துல யூ.எம்.எஸ்.னு ஒரு பெரிய பஸ் கம்பெனியே நின்னுச்சு, அப்பறம் டிரைவ் பண்ண ஆள் வெச்சிருப்பாரு, ரன்னு மட்டும் அவர் கையில. அதனால மாப்ள டிரைவருதான்னு தெரிஞ்சாலும் ஒடனே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பீராதீங்க.

'28 ரன்னிங்' நம்மூரு சரக்குங்க. 27 முடிஞ்சு 28 நடக்குதுன்னு சொல்றோம் பாருங்க, சனி தசை நடக்குது, புதன் புத்தி நடக்குதுன்னு ஜோசியரு சொல்றாப்ல, அந்த 'நடக்குது'வைத்தான் ரன்னிங்காக்கி வெச்சிருக்கறோம். இங்கிலீஷ்காரன் முடிஞ்ச வயசை மட்டும்தான் எண்ணுவான், அவனுக்கு உங்க மாப்ள 27. நமக்கு நடக்கறது கணக்கு, அவனுக்கு முடிஞ்சது கணக்கு, அவ்ளோதான். எதுக்கும் பொறந்த தேதியக் கேட்டு வாங்கிக்கங்க, சில பேருக்கு இந்த ரன்னிங்கு மூணு நாலு வருசமா ஒரே எடத்துல நிக்கும்.

கேள்வி: சேலை வாங்கறப்ப 'ரன்னிங் பிளவுஸ்'னு சொல்றாங்களே, ஓடற ஜாக்கெட்டா அண்ணா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஓடாது, தைரியமா வாங்கு கண்ணு. சேலையோட தொடர்ச்சியா அதே துணி, அதே கலர்ல கடைசில விடற ஜாக்கெட் பிட்டுக்குத்தான் அந்தப் பேரு. வேற கலர்ல இருந்தா 'கான்ட்ராஸ்ட்'ங்கறாங்க. இந்த ரன்னிங்குக்கு 'விடாம, தொடர்ந்து'ன்னு அர்த்தம். கிரானைட்காரரு 'ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு'ங்கறதும் அதுதான், அகலத்தைக் கணக்குல சேர்க்காம நீளத்தை மட்டும் அளக்கறது. டெய்லரு 'ரன்னிங் ஸ்டிச்'சுங்கறதை எங்க ஆத்தா ஓட்டுத்தையல்னு சொல்லும், ஊசிய உள்ள வெளிய உள்ள வெளியன்னு விடாம ஓட்டிட்டே போறது. இதுல ரெண்டு பாசையும் ஒரே மாதிரி யோசிச்சிருக்குது. ஆனா 'ரன்னிங் பஸ்ல ஏறாதீங்க'ங்கறது நம்ம ஊரு ஏற்பாடு, அங்க அதை 'மூவிங் பஸ்'ம்பாங்க.

கேள்வி: திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. பையர் மெயில்ல 'கலர் ரன்னிங்'னு வந்தா நல்லதா கெட்டதா சார்? ஆபீஸ்ல கேக்க கூச்சமா இருக்குது.
– ஒரு தம்பி, திருப்பூர்

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற தகுதி இந்த ஜில்லாவுலயே என்னை விட்டா ஆளில்ல.

ஃபேக்ஸ் காலத்துல நானும் ஒரு பனியன் கம்பெனியில லெட்டர் எழுதற வேலைக்குப் போயிட்டிருந்தேன், பேரு வேண்டாம். செவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட குழந்தைங்க டி-சர்ட்டு ஒரு லாட்டு அனுப்பிச்சு ஒரு மாசம் இருக்கும். காலைல ஃபேக்ஸ் வந்துச்சு, அதுல 'த ரெட் இஸ் ரன்னிங்'னு ஒரு வரி. நான் அதைக் கையில புடிச்சுட்டு மொதலாளி ரூமுக்கு ஓடுனேன், "அண்ணா, செவப்பு நல்லா ஓடுதாமுங்க!" கடையில நாம பேசறது அப்படித்தான, இந்த டிசைன் ஓடுது, அந்தக் கலர் ஓடமாட்டேங்குதுன்னு. மொதலாளிக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஒடனே சாயப்பட்டறைக்கு போனைப் போட்டு செவப்பு இன்னொரு லாட்டுக்கு நூல் ரெடி பண்ணச் சொல்லிட்டாரு, எனக்கு டீயோட ஒரு தேங்கா பன்னும் வந்துச்சு.

கட்டிங் மாஸ்டருதான் சந்தேகப்பட்டாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா துணி தெரியும். "ஓடுதுன்னா ஆர்டர்ல வரும், எதுக்குடா தம்பி ஃபேக்ஸ்ல வருது"ன்னுட்டு, மிச்சம் இருந்த பீஸ்ல ஒண்ணை எடுத்தாரு, ஒரு பக்கெட்ல வெதுவெதுன்னு தண்ணிய ஊத்தி சோப்புத்தூளு போட்டாரு, அதுல அந்தச் சட்டையவும் என்ற தோள்ல கெடந்த வெள்ளத் துண்டையும் ஒண்ணா முக்குனாரு. அரைமணி நேரம் ஆச்சு. எடுத்துப் பார்த்தா தண்ணி பீட்ரூட் வேகவெச்ச தண்ணியாட்ட, வெள்ளக் கோடெல்லாம் ரோஸு, என்ற துண்டும் ரோஸு. "பாத்துக்க, இதுதான் ஓடுது"ன்னாரு. அந்தத் துண்டை நெம்ப நாள் வெச்சிருந்தேன்.

கலர் ரன்னாகுதுன்னா சாயம் இறங்குது, பக்கத்துல இருக்கற துணியில போயி ஒட்டுதுன்னு அர்த்தம். 'பிளீடிங்'னும் எழுதுவாங்க. சாயம் மங்கிப் போறது வேற, அது 'ஃபேடிங்'. நாம ரெண்டுக்கும் 'சாயம் போகுது'ன்னு ஒரே பாட்டாப் பாடிட்டுப் போயிருவோம், பையருக்கு அப்படி எழுதீராத, அவனுக்கு ரெண்டும் தனித்தனி கம்ப்ளெய்ண்டு. காட்டன்ல ரியாக்டிவ் சாயம் போட்டா எல்லாச் சாயமும் நூலோட சேர்ந்துக்காது, சேராத சாயம் மேலாப்ல ஒட்டிட்டு நிக்கும், அதைச் சோப்பிங் பண்ணி நல்லா அலசி வெளிய எடுக்கணும். தண்ணியும் நேரமும் மிச்சம் புடிக்கறேன்னு அதுல கைய வெச்சா இந்தக் கதைதான். லேப் ரிப்போர்ட்டுல 1-ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டிருப்பாங்க பாரு, 5-ன்னா பக்கத்துத் துணியில துளிகூட ஒட்டல, 1-ன்னா என்ற துண்டு.

நல்லா விக்குதுங்கறதுக்கு அவங்க 'செல்லிங் வெல்'னு எழுதுவாங்க. ஸ்டாக்கு தீரப்போகுதுன்னா 'ரன்னிங் லோ'. அந்த ஃபேக்ஸ்ல கடைசியா ஒரே ஒரு 'லோ' சேர்ந்து வந்திருந்தா அன்னைக்கு என் மானம் பொழச்சிருக்கும். இன்னொண்ணையும் கேட்டுக்க, நிட்டிங் துணியில ஒரு கண்ணி அந்து வரிசையா கீழ வரைக்கும் பிரிஞ்சுட்டே போகுமில்ல, அதுக்கும் அமெரிக்காக்காரன் 'ரன்'னுதான் சொல்லுவான், அதனால மெயில்ல வெறும் ரன்னுன்னு இருந்தா ஃபோட்டோ அனுப்பச் சொல்லு. கூச்சப்படாத. நான் கூச்சப்பட்டதுக்கு ஒரு லாட்டு நூலே செவந்து போச்சு.

கேள்வி: டாக்டர்கிட்ட 'ரன்னிங் நோஸ்'னு சொன்னேன், பேரன் விழுந்து விழுந்து சிரிக்கறான். உங்களுக்குத் தெரியுமேன்னு கேக்கறேன் சாமி.
– ஒரு அமுச்சி, காங்கயம்

பதில்: அமுச்சி, டாக்டருக்குப் புரிஞ்சுதில்ல, மாத்திரை குடுத்தாரில்ல, அப்பறம் என்ன. சுத்தமாச் சொல்லணும்னா 'ரன்னி நோஸ்', இல்லாட்டி 'மை நோஸ் இஸ் ரன்னிங்'. ஆனா நம்ம நாட்டுல எந்த ஆஸ்பத்திரியிலயும் ரன்னிங் நோஸ் செல்லும். பேரன்கிட்ட நீங்க திருப்பி ஒண்ணு கேளுங்க, காய்ச்சல் அடிக்குதுங்கறதை ரன்னு போட்டுச் சொல்லுடான்னு. 'ஐ ஆம் ரன்னிங் எ டெம்பரேச்சர்'. முழிப்பான்.

கேள்வி: நாங்க ரேக்ளா பத்தி இங்கிலீஷ்ல ரீல்ஸ் போடறோம் ப்ரோ. 'ஐ ரன் ரேக்ளா, ஐ ரன் புல்லட்'னு கேப்ஷன் போட்டதுக்கு கமெண்ட்ல ஒருத்தன் கழுவி ஊத்திட்டான்.
– உடுமலைப் பசங்க

பதில்: கழுவி ஊத்துனவனுக்கு ஒரு வேலையும் இல்லைன்னாலும், சொன்னது சரிதான் தம்பிகளா. நம்ம ஓட்டுக்கு அவங்க ரன்னு பாதி எடத்துல ஒத்தே வராது. கால் ரெண்டு பக்கமும் போட்டு உக்காந்து ஓட்டறது, பைக்கு, சைக்கிளு, குதிரை, எல்லாம் 'ரைடு'. உள்ள உக்காந்து ஓட்டறது, காரு, லாரி, டிராக்டரு, மாட்டு வண்டி, எல்லாம் 'டிரைவ்'. டிரைவுங்கற சொல்லே ஆதியில மாட்டை முன்னால விட்டு ஓட்டிட்டுப் போறதுக்கு வந்ததுதான், காரெல்லாம் பின்னால வந்து ஏறிக்கிட்டது. பொழுதோட எங்க தாத்தன் 'மாட்டை ஓட்டியாடா'ன்னு சத்தம் போட்டது சுத்தமான டிரைவு. காட்டுல உழவு ஓட்டறது 'பிளௌ'. பொழப்பை ஓட்டறதுக்கு 'கெட்டிங் பை'ன்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. புல்லட்டை ரன்னு பண்றேன்னா புல்லட் கம்பெனி உங்களுதுன்னு ஆயிரும்.

ரேக்ளாவுக்கு வருவோம். 200 மீட்டரு, 300 மீட்டருன்னு கொடி நட்டு, கோட்டுல வண்டி நிக்குது. காளைங்க மூக்கணாங்கயிறை இழுத்துப் புடிச்சுட்டு ரெண்டு பேரு முன்னால, வண்டி மேல ஒருத்தரு முட்டி போட்டாப்ல குந்திட்டு. விட்டாச்சு. இப்ப காளை 'ரன்ஸ்', வண்டி மேல இருக்கறவரு 'டிரைவ்ஸ்', மைக்கைப் புடிச்சுட்டு 'அடுத்த வண்டி ரெடி ஆகுங்க'ன்னு கத்துற கமிட்டிக்காரரு இருக்கறாரே, அவரும் 'ரன்ஸ்'. 'ஹி ரன்ஸ் த ரேஸ்'னா அவரு நடத்தறாருன்னு அர்த்தம். ஆக காளையும் ரேஸை ரன்னு பண்ணுது, கமிட்டியும் ரேஸை ரன்னு பண்ணுது, உசுரைக் கையில புடிச்சுட்டு வண்டியில வர்றவருக்கு மட்டும் அந்தச் சொல்லு இல்ல. 'ஐ டிரைவ் எ ரேக்ளா, ஐ ரைடு எ புல்லட்'னு மாத்திப் போடுங்க.

கேள்வி: அமெரிக்காவுல தேர்தல்னா 'ரன்னிங் ஃபார் பிரெசிடெண்ட்'ங்கறான். நம்ம ஆளுக 'நிக்கறாங்க'. எது சரி?
– வாசகர், கரூர்

பதில்: நல்ல கேள்விங்க. அமெரிக்கன் ஓடுவான், பிரிட்டிஷ்காரன் நம்மளாட்ட நிப்பான், அங்க 'ஸ்டேண்டிங் ஃபார் பார்லிமெண்ட்'டுதான். நம்மூரு இங்கிலீஷ் பேப்பரைப் பாருங்க, நிக்கறதும் இல்ல ஓடறதும் இல்ல, 'கன்டெஸ்ட்'டுன்னு போட்டுட்டுப் போயிருவாங்க. நிக்கறவங்க ஜெயிச்சப்பறம் ஓடிப்போறதைப் பத்தி நீங்க அடுத்து எழுதியிருந்ததை நான் போடல, மன்னிச்சுக்கங்க.

கேள்வி: டிக்‌ஷனரியிலயே எச்சா அர்த்தம் இருக்கற வார்த்தை ரன்னுதான்னு எங்க மேடம் சொல்றாங்க, உண்மைங்களா? தமிழ்ல அந்த மாதிரி எது?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: உண்மைதான் கண்ணு. ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதி இருக்குதில்ல, பல வால்யூமா வருமே, அதுல 1989-ல ரெண்டாம் பதிப்பு வந்தப்ப முதல் எடம் 'செட்'டுக்கு, 430 அர்த்தம் போல. மூணாம் பதிப்புக்குத் திருத்தறப்ப ரன்னு அதைத் தாண்டிருச்சு, வினைச்சொல்லா மட்டும் 645. அதை உக்காந்து எழுதுனது பீட்டர் கில்லிவர்ங்கறவரு, அந்த ஒத்த வார்த்தைக்கு ஒம்பது மாசம் ஆச்சாம். ஒரு புள்ள பெத்தாப்ல.

ஏன் ரன்னு முந்துச்சுன்னு கேட்டா, மெஷின் வந்ததுதான்னு சொல்றாங்க. மில்லு வந்துச்சு, ரயிலு வந்துச்சு, மோட்டாரு, அப்பறம் கம்ப்யூட்டரு, வந்தது எல்லாமே ரன்னாகற சாமான். இதைப் புரிஞ்சுக்க நமக்கு லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்ல. 1888-ல ஸ்டேன்ஸ் நூல் மில்லு வந்தது, 1930-கள்ல நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்டு வந்து ஊரைச் சுத்தி மில்லும் பம்புசெட்டுமா ஆனது, இதுக்கு முந்தி கோயமுத்தூருல 'ஓடுது'ன்னா மனுசன், மாடு, பாம்பு, தண்ணி, இப்படி ஏதோ கொஞ்சம்தான் இருந்திருக்கும். இன்னைக்கு எண்ணிப் பாரு. மோட்டாரு ஓடுது, ஃபேன் ஓடுது, மீட்டரு ஓடுது, டிவி ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, மிக்ஸி ஓடமாட்டேங்குது, போன்ல பின்னால என்னமோ ஓடிட்டே இருந்து சார்ஜ் எறங்குது. சக்கரம் இருக்கோ இல்லையோ, நகருதோ இல்லையோ, வேலை செஞ்சா ஓடுது. எடத்தை விட்டு அசையாத தறிய யாரு முதல்ல ஓடுதுன்னு சொல்லியிருப்பாங்கன்னு நான் அடிக்கடி யோசிக்கறதுண்டு, ரெண்டு பாசையும் பேசி வெச்சாப்ல ஒரே வார்த்தையப் புடிச்சிருக்குது பாரு.

தமிழ்ல எனக்குத் தெரிஞ்சு இந்தக் கொடுமை 'போடு'வுக்குத்தான். சட்டை போடு, சோறு போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, ஊசி போடு, கோலம் போடு, குட்டி போடு. அதைப் பத்தி யாராவது கேட்டீங்கன்னா இந்தப் பக்கம் பத்தாது, தயவுசெஞ்சு கேக்காதீங்க. ஆனா ரன்னால எட்ட முடியாத எடம் நம்ம 'ஓடு'வுக்கு ஒண்ணு இருக்குது. ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தா நமக்கு கையும் ஓடாது காலும் ஓடாது. இதை இங்கிலீஷ்ல சொல்லிப்பாரு. கால் ஓடலைன்னாகூட அவனுக்குப் புரியும், கை எதுக்கு ஓடணும்பான்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால் பத்தி மகன் இங்கிலீஷ்ல எழுதறான், 'த கெனால் ரன்ஸ்'னு. வாய்க்கால்ல இப்ப சொட்டுத் தண்ணி இல்லீங்க, அப்பறம் எங்க ஓடறது?
– விவசாயி, பெருந்துறை பக்கம்

பதில்: உங்க கோவம் நியாயந்தானுங்க, ஆனா மகன் எழுதுனது சரி. பவானிசாகர்ல ஆரம்பிச்சு 200 கிலோமீட்டருக்கு அந்த வாய்க்கால் 'ரன்ஸ்', தண்ணி விட்டாலும் விடாட்டியும். நீளமா இருக்கற எதுவும் அவங்களுக்கு ஓடும், ரோடு, வேலி, சொவரு, சேலத்துல இருந்து கொச்சிக்குப் போற பைபாஸ், எல்லாம் ரன்ஸ்தான். நமக்கு ரோடும் வாய்க்காலும் 'போகும்', தண்ணி மட்டும்தான் 'ஓடும்'. மகனுக்கு இப்படிச் சொல்லிக்குடுங்க, தண்ணி விட்ட அன்னைக்கு எழுதறதா இருந்தா 'வாட்டர் இஸ் ரன்னிங் இன் த கெனால்', தண்ணி இல்லாதப்ப 'த கெனால் ரன்ஸ் பாஸ்ட் அவர் ஃபீல்ட்', காட்டோரமா போகுதுன்னு மட்டும்.

கேள்வி: ரன் இன்டு, ரன் ஓவர், ரன் அவுட் ஆஃப், மூணும் மாறி மாறி வருது சார்.
– அவிநாசி

பதில்: ரன் இன்டுன்னா எதேச்சையா எதுக்கால பார்க்கறது, மேல போயி மோதறதும் அதுதான். ரன் ஓவர்னா வண்டி மேல ஏத்தறது. 'சந்தையில எங்க வாத்தியாரை ரன் இன்டு பண்ணேன்'னு சொல்ல வந்து 'ரன் ஓவர்'னு சொன்னீங்கன்னா போலீஸ் வரும். ரன் அவுட் ஆஃப்னா தீந்து போறது, கேஸு, பாலு, பொறுமை, எது வேணாலும். ஒறம்பற வந்து சேர்ந்தப்பறம்தான் சிலிண்டர் ரன் அவுட்டாகும்ங்கறது நம்ம ஊட்டுல எழுதாத சட்டம். கிரிக்கெட்டு ரன் அவுட் வேற, அதுல 'ஆஃப்' வராது.

கேள்வி: ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து என்னை ஓட்டறாங்க அண்ணா, வடக்க இருந்து வந்த மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?
– பேர் வேண்டாம், கோவை

பதில்: 'தே ஆர் ரன்னிங் மீ'ன்னு மட்டும் போயி நின்னுராதீங்க. அவங்கதான் உங்களை நிர்வாகம் பண்றாங்கன்னு எடுத்துக்குவாரு. சிரிச்சுட்டே ஓட்டுனா 'தே ஆர் புல்லிங் மை லெக்'. மனசு நோகற மாதிரின்னா 'தே கீப் மேக்கிங் ஃபன் ஆஃப் மீ'. எதுக்கு ஓட்டறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, மீட்டிங்ல 'ஐ ரன் மை பைக் டு ஆபீஸ் எவ்ரிடே'ன்னு சொன்னீங்கன்னு, அதுக்கு மேல உடுமலைப் பசங்களுக்கு எழுதுன பதிலை ஒருக்கா பார்த்துக்கங்க.